கண்ணாடி மணிக்குள் சுற்றும் ஒளி



நுண்கோள லேசர் என்பது பெரும்பாலும் சுமார் 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரு கண்ணாடி உருண்டை. வழக்கமான லேசர்களில் ஒளியை முன்னும் பின்னும் திருப்ப இரண்டு ஆடிகள் இருக்கும். இதில் ஆடியே இல்லை. உருண்டைக்குள் ஒளி உட்பரப்பை மிகச் சாய்வாகத் தொடுவதால் ஒவ்வொரு முறையும் முழு அக எதிரொளிப்பு அடைந்து, விளிம்பை ஒட்டியே சுற்றுகிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தில் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்புறம் நிற்பவருக்குக் கேட்கும். ஒலி வளைந்த சுவரைத் தழுவியே செல்வதுதான் காரணம் என்று 1910ஐ ஒட்டி இயற்பியலாளர் லார்டு ராலே விளக்கினார். உருண்டைக்குள் ஒளி செல்வதும் அப்படித்தான்.

சுற்றி வரும் அலை தன்னோடு இசைந்து சேர வேண்டுமானால் சுற்றளவில் அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். ஒளிவிலகல் எண் 1.5, அலைநீளம் 2.7 மைக்ரான் என்றால் 100 மைக்ரான் உருண்டையில் ஏறத்தாழ 170 அலைகள். தூய சிலிக்கா உருண்டையில், அண்மை அகச்சிவப்பு ஒளி மங்குவதற்குள் சில லட்சம் முறை சுற்றிவிடும். அதனால் மிகக் குறைந்த திறனிலேயே லேசர் எழுகிறது. 1961இல் பெல் ஆய்வகத்தில் இப்படி இயங்கிய முதல் உருண்டை, சமாரியம் கலந்த கால்சியம் ஃப்ளூரைடு படிகம்.

உருண்டை செய்வது வியக்கத்தக்க அளவு எளிது. கண்ணாடி இழையின் நுனியை உருக்கினால் போதும். பரப்பு இழுவிசையே அதைக் கோளமாக்கி, மெருகூட்டாமலேயே மிகுந்த வழவழப்பைத் தருகிறது.

கடினமானது கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதுதான். மீத்தேன் 3.3 மைக்ரானிலும் கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரானிலும் ஒளியை வலுவாக உட்கவர்கின்றன. வாயுக்களை அடையாளம் காண நடு அகச்சிவப்பு தேவைப்படுவது இதனால்தான். ஆனால் சிலிக்கா 2.5 மைக்ரானைத் தாண்டினால் தானே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. இன்னொரு கேடும் உண்டு. லேசர் ஒளி தருவதற்காகக் கண்ணாடியில் கலக்கும் எர்பியம் அயனி 2.7 மைக்ரான் ஒளியாக உமிழ வேண்டிய ஆற்றலை, சிலிக்காவின் வேகமான அணு அதிர்வுகள் மூன்று நான்கு ஃபோனான்களாக, அதாவது அதிர்வின் ஆற்றல் துணுக்குகளாக, பறித்து வெப்பமாக்கிவிடுகின்றன.

பிரான்சின் ரென் நகரில் 1970களின் நடுவில் கண்டறியப்பட்ட ஃப்ளூரைடு கண்ணாடிகள் இதற்கு வழி திறந்தன. சிர்கோனியம், பேரியம், லாந்தனம், அலுமினியம், சோடியம் ஆகியவற்றின் ஃப்ளூரைடுகள் சேர்ந்த சிப்லான் கண்ணாடியில் அதிர்வாற்றல் சிலிக்காவில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. அதே ஆற்றலைப் பறிக்க ஆறு ஃபோனான்களுக்கு மேல் ஒருசேர வேண்டும், அது அரிது. ஆகவே அயனி ஒளியையே உமிழ்கிறது. 0.98 மைக்ரான் ஒளியை ஊட்டினால் எர்பியம் கலந்த உருண்டை 2.7 மைக்ரானில் லேசராகிறது. ஆனால் ஒளியை உமிழ்ந்த அயனி வந்து சேரும் கீழ் ஆற்றல் மட்டத்தின் ஆயுள், அது புறப்பட்ட மேல்மட்டத்தின் ஆயுளைவிட நீண்டது. கீழே அயனிகள் தேங்கினால் லேசர் தானே நின்றுவிடும். எர்பியத்தை அடர்த்தியாகக் கலந்தால், கீழ்மட்டத்து அயனிகள் இரண்டு இணைந்து ஒன்றை மேலே தள்ளி, தேக்கத்தைக் குறைக்கின்றன.

ஒளியை ஊட்டுவதும் எடுப்பதும் ஓரிரு மைக்ரான் பருமனுக்கு இழுத்து மெலியவைத்த இழையால். உருண்டைக்கு வெளியே ஒளி சற்றே கசிந்து நிற்கும். அந்தக் கசிவுக்குள் இழை வந்தால் ஒளி தாவும். ஃப்ளூரைடின் பரப்பை ஈரம் கெடுக்கும் என்பதாலும், நீர் 2.9 மைக்ரானை ஒட்டி ஒளியை மிகக் கடுமையாக உட்கவர்வதாலும், உலர்ந்த சூழலில் வேலை செய்வதே நல்லது. இன்னும் நீண்ட அலைகளுக்கு கந்தகம், செலினியம் கொண்ட சால்கோஜெனைடு கண்ணாடிகள் உள்ளன. அவற்றின் ஒளிவிலகல் எண் 2ஐத் தாண்டுவதால் சிலிக்கா இழை அவற்றோடு எளிதில் இசையாது. இழையையும் அதே வகைக் கண்ணாடியில் இழுப்பது நல்லது.