மண் போட்டால் தீ சாகாது

“மண்ணள்ளிப் போட்டு மூடிட்டேன் சார், எப்படிப் பிடிச்சுதுன்னே தெரியல.” தீயணைப்பு வண்டியை விட்டு இறங்கியதும் இதை எத்தனை வாயால் கேட்டிருப்பேன்! ராமநாதபுரத்துக்காரர் சொல்லும்போதுதான் கோபம் கூடும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கிற சீமை அது. மூட்டத்துக்குள் நெருப்பைக் காப்பாற்றுவதே அந்த மண்தான் என்று தெரிந்தவர்கள், வரப்போரத்துக் குப்பையில் மட்டும் அதே மண் நெருப்பைக் கொன்றுவிடும் என்று எப்படி நம்புகிறார்கள்? மண் சுடரை அமுக்கும், சூட்டை வெளியே விடாது. இடுக்கில் நுழையும் துளிக் காற்று போதும், கங்கு விடிய விடியக் கிடக்கும்.

ஒரு சித்திரை மதியம். முந்தின நாள் சாயங்காலம் முள்ளை எரித்து மண் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பட்டுப்போன பனந்தூர், அதற்கப்பால் வைக்கோல் படப்பு. நாங்கள் போவதற்குள் படப்பு சாம்பல். தூர் மேல் பூட்ஸ் காலை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. கடப்பாரையால் பிளந்தேன். உள்ளே நார் நாராய்ச் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது.

தண்ணீர் ஊற்றுங்கள், மண்வெட்டியால் அடிவரை கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். ‘உஸ்’ சத்தம் அடங்கணும். பிறகு சாம்பலுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெக்கை அடித்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

‘காற்று அடங்கின சாயங்காலத்தில் வைத்தால் பயமில்லை’ என்பார்கள். ராத்திரி யார் காவல் இருப்பது? விடிந்தால் காற்று வராதா? பச்சை முள் பிடிக்கவில்லையென்று பெட்ரோல் ஊற்றுவது அதைவிட மோசம். அதன் ஆவி தரையோடு தவழும், நீங்கள் குச்சியை உரசும்போது உங்கள் காலடியில் நிற்கும். ‘என் நிலம், யார் கேட்பது?’ என்பதும் செல்லாது. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நெருப்பைக் கையாண்டால், பாரதிய நியாய சன்ஹிதா 287ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தீ கைமீறினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் 101க்குப் போன் போடுங்கள்.

சருகை எதற்குத்தான் எரிக்கிறீர்கள்? சாம்பல் உரமாம்! சாம்பலில் சாம்பல்சத்து நிற்கும், தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும். என் தோட்டத்தில் ஆறு வருஷமாக ஒரு சருகுக்கும் தீ வைத்ததில்லை. மட்டையும் சருகும் தென்னையின் வட்டப்பாத்தியில் கிடக்கின்றன. கோடையில் அதை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தால், தண்ணீர் பாய்ச்சி ஒரு வாரம் ஆன பிறகும் மண் ஈரமாகவே இருக்கிறது.