குமரி மாவட்டப் பேச்சுத்தமிழில் கிழமைப் பொருள்: ‘எனக்க’ என்னும் வடிவத்தின் இலக்கண நிலை

திறவுச்சொற்கள்: ஆறாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, கிழமைப் பொருள், குமரித் தமிழ், இடப்பொருட் சொற்கள்

முன்னுரை

‘என் வீடு’, ‘என்னுடைய வீடு’ எனப் பொதுத்தமிழ் வழங்குமிடத்துக் கன்னியாகுமரி மாவட்டப் பேச்சு ‘எனக்க வீடு’ என வழங்குகிறது. ‘ஒனக்க பேரு’, ‘அவனுக்க அண்ணன்’, ‘அம்மைக்க சேலை’ என இவ்வடிவம் மூவிடத்தும் உயர்திணை, அஃறிணை என்னும் இருதிணைக்கண்ணும் வரும். நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளிலும் இது கேட்கப்படுகிறது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் செறிவு மிகுதி. வகுப்பறையில் இது கொச்சையெனத் திருத்தப்படும்; வெளியூரார் இதனை மலையாளக் கலப்பு என்பர். இவ்விரு கருத்துகளும் வடிவத்தைப் பகுத்துப் பாராமல் கூறப்பட்டவை. இதன் உறுப்புகள் யாவை, பெயரோடும் இடப்பொருட் சொற்களோடும் இது எவ்வாறு புணர்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையாளக் கலப்பா?

மலையாளத்தில் கிழமைப் பொருள் உருபு இருவகைப்படும். னகர ஈற்றுப் பெயர்கள் ‘என்றெ’, ‘அவன்றெ’ என்றும், பிற ‘அவளுடெ’, ‘ஞங்ஙளுடெ’ என்றும் வரும். இவற்றுள் எதிலும் ககரம் இல்லை. அம்மொழியின் நான்காம் வேற்றுமையிலிருந்து வந்திருக்குமோ எனின் அதுவும் பொருந்தாது. மலையாளத்தில் ‘அவனுக்கு’ என்பதற்கு நேரான வடிவம் ‘அவனு’ என்பதே. னகர ஈற்றின்பின் ககர ஒற்று அங்கு வருவதில்லை. ‘எனக்கு’ என்பதற்கு நேரானது ‘எனிக்கு’. அதில் இகரம் உண்டு. குமரி வழக்கின் ‘அவனுக்க’, ‘எனக்க’ ஆகியவை ‘அவனுக்கு’, ‘எனக்கு’ என்னும் தமிழ் வடிவங்களை அடியாகக் கொண்டாலன்றி அமையா. ஆகவே இவற்றின் அடிப்பகுதி ஐயத்துக்கு இடமின்றித் தமிழ் நான்காம் வேற்றுமையே.

1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது மொழியின் பெயராலேயே. அவ்விணைப்புக்குப் பின்னரும் இம்மக்களின் அன்றாடப் பேச்சு ‘கலப்பு’ என்றே பெயர் பெற்றது கருதத்தக்கது. கலப்பு எனக் கூறுவோர் சொற்களை எண்ணுகின்றனர், உருபுகளை நோக்குவதில்லை.

குகரமும் கிழமைப் பொருளும்

கொடைப்பொருட்குரிய ‘கு’ உருபு உடைமைப் பொருளில் வருவது எவ்வாறு? தொல்காப்பியர் ஆறாம் வேற்றுமைக்கு ‘அது’ உருபைக் கூறி, அதன் பொருள்களை விரிக்குங்கால் உடைமையையும் முறைமையையும் தனித்தனியே வைக்கிறார். ஒருவர் பொருளை உடையவராதல் வேறு, ஒருவர்க்கு மகனாகவோ கணவனாகவோ முறைப்படுதல் வேறு என்னும் தெளிவு அப்பட்டியலில் உள்ளது. (நாஞ்சில் நாட்டார்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. மகனுக்கு முறைமை இருந்தும் உடைமையின் பெரும்பகுதி மருமகனைச் சென்றடைந்த வழக்கத்தையே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தில் எள்ளிப் பாடினார்.)

வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் மேலும் ஒரு விதி வகுக்கிறார். ஆறாம் வேற்றுமைத்தொகை உயர்திணையில் வரின், அதனை விரிக்குங்கால் ‘அது’ உருபு கெட்டு அவ்விடத்துக் ‘கு’ வரும் என்பது அவ்விதி. உரையாசிரியர் காட்டும் ‘நம்பிமகன்’ என்னும் தொகை ‘நம்பிக்கு மகன்’ என விரியும். ‘நம்பியது மகன்’ என விரியாது. காரணம் வெளிப்படை. ‘அது’ அஃறிணை ஒருமை உணர்த்துவது. அதன்பின் உயர்திணைப் பெயர் வருதல் திணைவழுவாகும். நன்னூலார் ஒருமைக்கு ‘அது’, ‘ஆது’ என்றும் பன்மைக்கு ‘அ’ என்றும் உருபுகளைப் பகுத்ததும் உடைமைப் பொருளின் எண் நோக்கியே. பழந்தமிழில் ஆறாம் வேற்றுமை உருபு தனக்குப்பின் வரும் பெயரின் திணையும் எண்ணும் நோக்கி நின்றது என்பது இவற்றால் விளங்கும்.

அந்நோக்கம் இன்றைய தமிழில் இல்லை. ‘அது’ பேச்சில் கிழமை உருபாக வழங்குவதில்லை. அவ்விடத்தை வட்டாரந்தோறும் வெவ்வேறு வடிவங்கள் பற்றிக்கொண்டன. கொங்கு நாட்டில் ‘என்ற’, யாழ்ப்பாணத்தில் ‘என்ர’, ‘எங்கட’ ஆகியவை வழங்குகின்றன. பொதுத்தமிழ் ‘உடைய’ என்னும் பெயரெச்சத்தையே உருபாக்கிக்கொண்டது. குமரி வழக்கு குகரத்தைப் பற்றியது. உயர்திணைத் தொகைக்கு உரியதாக இலக்கணத்தில் கூறப்பட்ட உருபு இங்கு வீடு, பேர், சேலை என எல்லாப் பெயர்க்கும் பரவியுள்ளது. தொல்காப்பிய விதியிலிருந்தே இவ்வழக்கு நேராகப் பிறந்தது என்பது மிகைக்கூற்றாகும். ஆனால் கிழமைப் பொருளில் குகரம் வருதல் தமிழுக்குப் புறம்பானது என்னும் கூற்றை மறுக்க அவ்விதி ஒன்றே போதும்.

ஈற்று அகரம்

‘எனக்கு’, ‘எனக்க’ என்னும் இரண்டும் ஈற்றுயிர் ஒன்றால் வேறுபடுவன. ‘எனக்கு மகன் உண்டு’ என்பதில் நான்காம் வேற்றுமை பயனிலையை நோக்கி நிற்கிறது. ‘எனக்க மகன் வந்தான்’ என்பதில் பெயரோடு ஒட்டி நிற்கிறது. இவ்வகரம் எத்தகையது என்பதைப் புணர்ச்சி காட்டும். நான்காம் வேற்றுமை விரியின்பின் வல்லினம் மிகும்: எனக்குப் பணம். ‘எனக்க’ என்பதன்பின் மிகுவதில்லை: எனக்க பணம், எனக்க பேரு. நல்ல பையன், வந்த பையன் எனப் பெயரடையும் பெயரெச்சமும் கொண்ட அகர ஈறும் இவ்வாறே வல்லினம் மிகாது நிற்கும். எனவே ‘எனக்கு’ என்னும் வேற்றுமைச் சொல்லோடு அடைத்தன்மை தரும் அகரம் சேர்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். ‘எனக்குள்ள’ என்பதன் திரிபாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆயினும் ளகரம் சுவடின்றி மறைந்தமைக்குத் தனிவிளக்கம் வேண்டியிருப்பதால் அது வலியற்றது.

உயிர்முதற் சொற்களின் முன் மட்டும் இவ்வேறுபாடு மங்குகிறது. விரைந்த பேச்சில் ‘எனக்கண்ணன்’ என்பது இருவகைக்கும் பொது. அங்கே பயனிலையே பொருளை முடிவுசெய்யும்.

இடப்பொருட் சொற்களோடு புணர்தல்

ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லின்பின் ‘வித் மீ’, ‘பிஹைண்ட் மீ’ எனச் செயப்படுபொருள் வடிவம் வரும்; ‘மை’ என்னும் கிழமை வடிவம் வாராது. ‘பை மை சைட்’ என்புழி மட்டும் வருவது, ‘சைட்’ பெயராதலால். தமிழில் இந்நிலை மாறுபட்டது. மேல், கீழ், பின், உள், புறம், அயல் முதலியவற்றைத் தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையில் அடுக்குகிறார். இவை யாவும் இடப்பெயர்களே. ஆதலால் ‘என் மேல்’, ‘என் பின்’ எனக் கிழமை வடிவத்தின்பின் இவை இயல்பாக வருகின்றன.

பொதுத்தமிழ் இங்கு ஒரு நுட்பம் காக்கிறது. ‘என் பின் வந்தான்’ என்பது இடம்; ‘எனக்குப் பின் வந்தான்’ என்பது பெரும்பாலும் காலம். குமரி வழக்கில் முன்னது ‘எனக்க பின்னால வந்தான்’ என்றும் பின்னது ‘எனக்குப் பொறவு வந்தான்’ என்றும் வரும். கிழமை வடிவமே குகரத்தைக் கொண்டிருந்தும் வேறுபாடு அழியவில்லை. ஈற்றுயிரும் பின்வரும் சொல்லும் அதனைத் தாங்குகின்றன. ‘எனக்க கூட வா’, ‘அவனுக்க கிட்ட கேளு’, ‘அவனுக்க மேல கோவம்’ என்னும் தொடர்களிலும் பொதுத்தமிழின் ‘என்’, ‘அவன்’ ஆகிய வேற்றுமை அடிகள் நிற்குமிடத்தில் ‘க்க’ வடிவம் அப்படியே அமர்கிறது.

அயல்மொழியின் சாயலை ஐயுறத்தக்க இடம் ஒன்று உண்டெனில் அது ‘வீட்டுக்க முன்னால’ போன்ற தொடரே. பொதுத்தமிழ் இவ்விடத்து ‘வீட்டுக்கு முன்னால்’ என நான்காம் வேற்றுமையை வேண்டுகிறது. மலையாளத்திலோ ‘வீடின்றெ முன்னில்’ எனக் கிழமை உருபும் வரும். குமரி வழக்கு உருபைத் தமிழிலிருந்தும் தொடரமைதியை அண்டைமொழியோடு ஒப்பவும் கொண்டிருக்கலாம். அன்றி, ‘எனக்க மேல’, ‘எனக்க பின்னால’ என்பனவற்றின் ஒப்புமையாக்கத்தால் ‘முன்னால’ என்பதும் கிழமை வடிவத்தை ஏற்றிருக்கலாம். ‘உள்ளே’ என்பது இவ்விரு வழிகளுக்கும் இடையே தேர உதவும். பொதுத்தமிழில் குகரத்தோடு இறுகி ‘வீட்டுக்குள்ள’ என ஒருசொல்லாகிவிட்ட இதன் முன், ‘க்க’ வடிவம் நுழைந்திருப்பின் ஒப்புமையாக்கத்தின் வலிமை புலப்படும். விளவங்கோட்டுப் பேச்சையும் தோவாளைப் பேச்சையும் இவ்வொரு சொல்லின்கண் ஒப்பிட்டுத் தொகுப்பதும், ‘புத்தம் வீடு’ (1964) முதலாக இவ்வட்டாரப் பேச்சை உரையாடலில் எழுத்தாக்கிய நாவல்களில் அதனைத் தேடுவதும் அடுத்துச் செய்யத்தக்க களப்பணியாகும்.