அளந்தறிதல்

மயிலாப்பூரை அடுத்து, மெரினாக் கடற்கரையின் தென்பகுதியில், கலங்கரை விளக்கம் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. 1977ஆம் ஆண்டு முதல் ஒளி வீசி வரும் அக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 45 மீட்டர். அதன் எதிரே, அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நின்று நோக்கும் மாணவன் ஒருவனுக்குக் கடலும் வானும் கூடும் கோடு ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே அமைகின்றது. அவனே கோபுரத்தின் உச்சியில் நின்று நோக்குவானாயின், அக்கோடு 24 கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிச் சென்றுவிடும். கீழே நின்றபோது காணப்படாத கப்பல், மேலேறியவுடன் காட்சியளிக்கும். இடையில் மலையும் இல்லை, சுவரும் இல்லை. அவ்வாறாயின் அக்கப்பலை மறைத்து நின்றது யாது?

கடல் நீரே மறைத்தது. நீர்ப்பரப்பு நடுவில் புடைத்திருந்தாலன்றி இஃது இயலாது. கடலில் தொழில் செய்யும் நொச்சிக்குப்பத்து மீனவர்க்கு இது புதுமையன்று. படகு கரையை விட்டு அகலுந்தோறும் முதலில் மணலும், பிறகு வீடுகளும், இறுதியில் கோபுரங்களின் உச்சியும் மறையும். திரும்பும்பொழுது உச்சியே முதலில் தோன்றும்.

எனினும் பூமி தட்டையானதே என வாதிடுவோர் இன்றும் உளர். அவர்களை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் அது விடையாகாது. “என் கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் நிலத்தை நான் ஏன் உருண்டை என்று நம்பவேண்டும்?” என்று ஒருவன் கேட்பானாயின், “பாடநூலில் அவ்வாறு எழுதியுள்ளது” என்று கூறுதல் அவ்வினாவுக்குச் செய்யும் அவமதிப்பே ஆகும். நம் முன்னோர் அவ்வாறு விடை கூறவில்லை. ஆரியபடர் கி.பி. 499இலேயே பூமியைக் கோளமாகக் கொண்டு கணக்கிட்டார். 1150ஆம் ஆண்டளவில் ‘சித்தாந்த சிரோமணி’ என்னும் நூலை இயற்றிய பாஸ்கராசாரியர் மேற்கூறிய வினாவையே எடுத்துக்கொண்டு விடை பகர்ந்தார். பெரியதொரு வட்டத்தின் சுற்றளவில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் நோக்கினால் அது நேர்கோடு போலவே தோன்றும். பூமியோ மிகப் பெரிது, மனிதனோ மிகச் சிறியன். ஆகவே அவன் காணும் சிறு பகுதி தட்டையாகத் தோன்றுகின்றது என்பது அவர் கருத்து. தோற்றத்தை அவர் மறுக்கவில்லை. அத்தோற்றம் ஏன் உண்டாகின்றது என்பதைக் காட்டினார்.

பூமி உருண்டை என்று உடன்பட்டோரிடையேயும் பதினெட்டாம் நூற்றாண்டில் கடும் வழக்கொன்று எழுந்தது. பூமி தன் அச்சில் சுழல்வதனால் நடுவில் பருத்துத் துருவங்களில் சற்றே தட்டையாக இருத்தல் வேண்டும் என்றார் நியூட்டன். அன்று, துருவங்களின் பக்கமே அது நீண்டிருக்கின்றது என்றனர் பிரான்சு நாட்டுக் காசினி குடும்பத்தார். ஒருவர் ஆரஞ்சுப் பழம் என, மற்றவர் எலுமிச்சை என்றனர் எனலாம். இதனைச் சொற்போரால் தீர்க்க இயலுமோ? பிரான்சு நாட்டு அறிஞர் 1735இல் பூமத்திய ரேகையை அடுத்த பெரு நாட்டுக்கும், 1736இல் வடதுருவத்தை அடுத்த லாப்லாந்துக்கும் சென்று நிலத்தை அளந்தனர். விண்மீன் ஒன்றின் உயரம் ஒரு பாகை மாறுவதற்குத் தெற்கு வடக்காக எவ்வளவு தொலைவு செல்லவேண்டும் என்பதே அவர்கள் அளந்தது. வளைவு குறைந்த இடத்தில் ஒரு பாகைக்குரிய தொலைவு மிகும். துருவத்தின் பக்கம் அது மிகுந்திருந்தது. நியூட்டன் கூற்றே நிலைபெற்றது. இக்கால அளவின்படி அத்தொலைவு பூமத்திய ரேகையில் 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7 கிலோமீட்டர்.

ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த இந்த வேறுபாட்டைத் திருத்தமாக அறியும் பணியில் நம் சென்னைக்கும் பங்குண்டு. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலையில் தொடங்கித் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றின் அருகு வரை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியே கருவி. சீனப் பேரரசருக்குப் பரிசிலாகக் கொண்டு செல்லப்பட்டு, ஏற்கப்படாமையால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது என்பர்.

சென்னையின் சித்திரை வெயிலை நாம் அறிவோம். அவ்வெயிலில் எஃகு நீளும். பத்துப் பாகை செல்சியசு வெப்பம் ஏறுமாயின் 12 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பிழை புகுந்துவிடும். ஆகவே லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டமாக நிறுத்தி, வெயில் படாது மறைத்து, வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே அளந்தார். மற்றொரு சங்கிலியை அளவைக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்திருந்தார். உழைக்கும் சங்கிலி தேய்ந்து நீண்டதா என்று ஒத்துப் பார்ப்பதற்கே அது. தம் கருவியையே அவர் ஐயுற்றார். அப்பணியில் என்னை மிகவும் கவர்வது இதுவே.

அவ்வடிக்கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே அளவை நாடெங்கும் பரந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏற்றினர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதனை ஏற்றுங்கால் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராது ஆறு வாரங்கள் தனித்திருந்து தாமே அதனைச் செப்பனிட்டார். 1823இல் அவர் பணியின் நடுவே இறந்த பின்னர், எவரெஸ்டு என்பார் அதனை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார்.

இவ்வளவு அளந்த பின்னரும் மறுப்போர் ஓயவில்லை. 1870இல் இங்கிலாந்தில் ஹாம்டன் என்பவர், நீர்ப்பரப்பு வளைந்துள்ளதை மெய்ப்பிப்போர்க்கு 500 பவுன் தருவதாகப் பந்தயம் கூறினார். இயற்கை நூலறிஞராகிய ஆல்ஃபிரட் ரசல் வாலேசு அதனை ஏற்றார். ஆறு மைல் நேராகச் செல்லும் பெட்ஃபோர்டுக் கால்வாயின் இரு முனைகளிலும் நடுவிலும் நீரிலிருந்து ஒரே உயரத்தில் அடையாளங்களை அமைத்துத் தொலைநோக்கியால் நோக்கச் செய்தார். நடு அடையாளம் மற்றவற்றினும் மேலே தெரிந்தது. எதிர்த்தரப்பு நடுவரும் அத்தொலைநோக்கி வழியே அதனையே கண்டார். கண்ட பின்னர், நீர் தட்டையென்பதற்கு இதுவே சான்று என்றார்! பந்தயத்தில் வென்ற வாலேசு, அதன்பின் பல்லாண்டுகள் ஹாம்டனின் வசை மடல்களுக்கும் வழக்குகளுக்கும் ஆளானார். ஆய்வு தொடங்கும் முன்பே, எது காணப்பட்டால் யாருடைய கூற்று வீழும் என்று இரு திறத்தாரும் எழுதிக் கையொப்பமிடாமற் போனால் நேரும் இடர் இதுவாகும்.

இனி, முன்னர்க் கூறிய பாஸ்கராசாரியரின் நூலுக்கு மீள்வோம். பூமியைப் பற்றி அத்துணைத் தெளிவாக உரைத்த அந்நூலிலேயே, ஓயாது தானே சுழலும் சக்கரம் ஒன்றும் கூறப்படுகின்றது. ஆரக்கால்களைக் குழாயாக்கிப் பாதியளவு பாதரசம் நிரப்பிச் சுழற்றிவிட்டால் அது தானே சுழன்றுகொண்டிருக்கும் என்றார் அவர். அவ்வாறு சுழன்ற சக்கரம் உலகில் எங்கும் இல்லை. ஒரு பக்கத்தில் பாதரசம் அச்சிலிருந்து அகன்று நிற்பினும், மறுபக்கத்தில் அச்சை அடுத்து மிகுதியாகத் தேங்கி ஈடு செய்துவிடுகின்றது. பெரியாரொருவர் கூறினார் என்பதனால் முன்னது மெய்யாகவும் இல்லை. அவர் கூறினார் என்பதனால் பின்னது மெய்யாகிவிடவும் இல்லை.

செலவின்றி ஆற்றல் பெறும் ஆசை அச்சக்கரத்தோடு நின்றுவிடவில்லை. பாரிசு நகரத்து அறிவியற் கழகம், ஓயாப் பொறிகளைப் பற்றிய விண்ணப்பங்களை இனி ஆராய்வதில்லை என 1775இல் அறிவித்தது. அம்முயற்சியில் பொருளிழந்து குடும்பங்கள் அழிந்தன என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே இயலும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் நிலைநாட்டினர்.

இவ்விதியை நம் கண்முன்னே சோதித்த நிகழ்ச்சி ஒன்று, லாம்டன் சங்கிலி நீட்டிய பரங்கிமலையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டு, இராசபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பவர், மூலிகை இலையையும் நீரையும் சேர்த்துக் காய்ச்சிப் பெட்ரோல் ஆக்குவதாகக் கூறினார். அயல்நாட்டு எண்ணெய்க்குப் பெரும்பொருள் செலவிடும் நாட்டில் இச்செய்தி எத்துணை மகிழ்ச்சி விளைத்திருக்கும்! கற்றோர் சிலரும் நம்பினர். அவ்வாண்டு செப்டம்பரில், அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அம்முறை ஆராயப்பட்டது.

ஆய்வுக்கூடம் செல்லாமலே இதனை நாமும் ஒருவாறு கணக்கிட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம்; அதில் 630 கிராம் அளவு கார்பனே. நீரில் கார்பன் ஒரு துளியும் இல்லை. ஆகவே அத்தனையும் இலையிலிருந்தே வருதல் வேண்டும். உலர்ந்த இலையில் கார்பன் பாதியளவுதான். எனவே ஒரு லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ உலர்ந்த இலையேனும் வேண்டும். பச்சையிலை எனின் அதனினும் பன்மடங்கு வேண்டும். ஒரு கைப்பிடி இலை போதாது. நீரோ, ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது. அடுப்பில் எரிந்த சாம்பலை மீண்டும் விறகாக்க முயல்வோர் உண்டோ?

இக்கணக்கு ஐயத்தை எழுப்புமேயன்றி, கண்முன்னே பாத்திரத்தில் எண்ணெய் மிதந்தது எவ்வாறு என்பதை விளக்காது. அதனை விளக்கியது ஆய்வு. காய்ச்சும் கலவையைக் கிண்டுவதற்கு அவர் தம் கோலையே பயன்படுத்தி வந்தார். அக்கோல் உள்ளே துளையுடையது என்றும், அதில் எரிபொருளை நிரப்பி முனையை மெழுகால் அடைத்திருந்தமையால் சூட்டில் மெழுகு உருகி எரிபொருள் வெளிவந்தது என்றும் அக்காலச் செய்திகள் கூறின. ஆய்வாளர் தாமே கோலை அளித்து மேற்பார்வையிட்டபோது பெட்ரோல் தோன்றவில்லை. வேதியியல் கற்றவரினும், கடைத்தெருவில் கண்கட்டு வித்தை காட்டுபவர் இதனை விரைந்து கண்டிருப்பார் போலும்!

ஆயினும் விருப்பம் எளிதில் அடங்குவதன்று. ஆய்வில் தோல்வியுற்ற பின்னரும் அவ்வெரிபொருள் சென்னையில் கடைகள் வைத்து விற்கப்பட்டது; மக்கள் வாங்கித் தம் வண்டிகளில் ஊற்றினர்; வண்டிகளும் ஓடின. நடுவண் புலனாய்வுத் துறை 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2016 அக்டோபரில், சென்னை நீதிமன்றம் அவருக்கும் மற்றும் நால்வருக்கும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வண்டிகளை ஓடச் செய்தவை டொலுவீன், நாஃப்தா முதலிய பெட்ரோலியப் பொருள்களே என்பது வழக்கில் வெளிப்பட்டது.