ஆட்டுத் தோலைப் பழுதின்றி உரித்து உலர்த்துவதற்கு ஒரு கொட்டில்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வீட்டில் நான்கைந்து ஆடுகளையும் வளர்த்து வருகின்றனர். வரம்புப் புல்லும், வேலியிலுள்ள பூவரசங் குழையும், அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சுவனவும் அவற்றுக்கு உணவாகின்றன. ஆட்டின் எருவை நாம் வீணாக்குவதில்லை. பாலையும் இறைச்சியையும் வீணாக்குவதில்லை. ஆனால் தோலையோ, கத்தியாற் பல இடங்களிற் கிழித்து, மணலில் விரித்து, வெயிலிற் காயவிட்டு, ஈற்றில் எவர் எதைக் கொடுத்தாலும் போதும் என்று கொடுத்துவிடுகிறோம். சில வீடுகளில் அது குழியிலே புதைக்கப்படுகிறது.

தோல், பதனிடும் தொழிற்சாலையிலே பழுதாகிறது என்று எண்ணுதல் தவறு. ஆடு வெட்டப்பட்ட முதற் சில மணித்தியாலங்களிலே, உங்கள் முற்றத்திலேதான் அது பழுதாகிறது. அவ்வாறு பழுதான தோலை எந்தத் தொழிலாளியாலும் மீண்டும் நல்ல தோலாக்க முடியாது. இக்கேட்டைத் தடுப்பதற்கு வேண்டியவை மூன்று: துப்புரவான இடம், நிழல், காற்று. இம்மூன்றையும் ஒருங்கே தருவது ஒரு சிறு கொட்டில். அதனை அமைக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஆண்டிற்கு ஓர் ஆடு மாத்திரம் வெட்டும் குடும்பத்துக்குத் தனிக் கொட்டில் வேண்டியதில்லை. அயலிலுள்ள எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை அமைத்தலே சிக்கனமாகும். தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பங்கு போட்டு ஆடு வெட்டும் வழக்கமுள்ள ஊர்களில், அதே பங்காளிகள் கொட்டிலையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டிலுக்குச் செலவிடுமுன், தோல் வாங்குபவரைக் கண்டு, உப்பிட்ட ஈரத் தோல் வேண்டுமா, உலர்ந்த தோல் வேண்டுமா என்று கேட்டறியுங்கள். தோற்கருவி செய்வோர் உப்பிடாது உலர்த்திய தோலையே விரும்புவர். உப்புள்ள தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

விலங்குகளை வெட்டுவதற்குரிய அநுமதியை உங்கள் உள்ளூராட்சி மன்றத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். மான், மரை, சிறுத்தை முதலிய காட்டு விலங்குகளின் தோலைப் பற்றி இங்கு எதுவும் கூறப்படவில்லை. அவை 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்படுவன.

தானாக இறந்த ஆட்டின் தோலை உரிக்காதீர்கள். விசேடமாக, முன்னறிகுறியின்றித் திடீரென இறந்து, மூக்கிலும் மலவாயிலிலும் இரத்தம் கசியும் விலங்கைக் கத்தியாலே தீண்டலாகாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்நோய் மனிதரையும் கொல்லும். அதன் கிருமி வித்துக்கள் மண்ணிலும் தோலிலும் பல்லாண்டு உயிருடன் இருக்கும். உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்து, அவர் கூறுமாறு செய்யுங்கள். ஒரு தோலின் விலைக்காகக் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.

கொட்டிலுக்குரிய இடம்

சற்று மேடான, காற்றுத் தடையில்லாத இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் குறைந்தது 100 அடி விலகியிருத்தல் நன்று. கழிவு நீர் வயல் வாய்க்காலுக்கோ தோட்டப் பாத்திக்கோ ஓடக்கூடிய இடம் ஆகாது.

வட பகுதியில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகமும், மாரியில் வடகிழக்கிலிருந்து வாடையும் வீசும். ஆகையால் கொட்டிலின் நீளப் பக்கம் வடமேற்குத் தென்கிழக்காக அமைய வேண்டும். அப்பொழுது இரு பருவக் காற்றும் அகலப்பாட்டிற் குறுக்காகச் சென்றுவிடும்; உரிக்கும் பகுதியின் ஈரமும் நாற்றமும் உலரும் தோல்களின் மேல் வாரா. வேறு மாகாணத்தவர்கள் தத்தம் ஊர்க் காற்றை அறிந்து, நீளப் பக்கத்தை அதற்குக் குறுக்காக வைக்க வேண்டும்.

அமைப்பும் அளவும்

நீளம் 20 அடி, அகலம் 12 அடி, இறப்பின் உயரம் 7 அடி, முகட்டின் உயரம் 10 அடி இருந்தாற் போதும். கப்புகளுக்குப் பனை அல்லது முதிரை ஏற்றது. கூரையைக் கிடுகினால் அல்லது பனையோலையினால் வேய்தல் வேண்டும். தகரம் நண்பகலிற் கொதித்துக் கீழுள்ள தோலை வாட்டும். இறப்பு 2 அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

கொட்டிலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. உரிக்கும் பகுதி: 8 அடி நீளம். தரைக்குச் சீமெந்து இட்டு, ஒரு பக்கமாக 2 அங்குலம் சரிவு கொடுத்து, ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் அமைக்கவும். மேலே வலுவான குறுக்கு மரமொன்றை இட்டு, ஆட்டைத் தூக்குவதற்குக் கொளுக்கிகள் மாட்டவும்.

2. உலர்த்தும் பகுதி: 12 அடி நீளம். இதற்குச் சுவர் வேண்டாம். நாயும் காகமும் நுழையாதபடி பழைய மீன் வலையைச் சுற்றிக் கட்டினாற் போதும். தென்மேற்குப் பக்கத்தில் ஓலைத் தட்டியொன்றைத் தூக்கி இறக்கத்தக்கதாகக் கட்டுங்கள். மாலை வெயில் சரிந்து நுழையும் பொழுதும், மழைச் சாரலின் போதும், இரவிற் பனி பெய்யும் பொழுதும் அதனை இறக்கிவிடலாம்.

உலர்த்துவதற்கு 4 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள மரச் சட்டங்கள் வேண்டும். நேரான பூவரசந் தடியே இதற்குப் போதும். மூலைகளைக் கயிற்றினால் வரிந்து கட்டுங்கள்; இரும்பாணி அறைய வேண்டாம். ஈரத் தோலிற் பட்ட இரும்பு, அழியாத கருங்கறையை உண்டாக்கும். சட்டங்களைக் கொட்டிலின் அகலப்பாட்டில், நிரைக்கு இரண்டாக, 2 அடி இடைவெளி விட்டு 5 நிரையாக நிறுத்தினால், ஒரே வேளையில் 10 தோல்களை உலர்த்தலாம். சட்டத்தின் ஓரமே காற்றை எதிர்நோக்க வேண்டும். அப்பொழுதுதான் காற்று தோலின் இரு முகங்களையும் தடவிச் செல்லும். சட்டத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 1½ அடி உயர்ந்திருக்கட்டும்.

உரிக்கும் முறை

இரத்தம் முற்றாக வடிந்தபின், உடல் சூடாறுமுன், ஆட்டைப் பின்கால்களிற் கட்டித் தூக்குங்கள். தரையிற் கிடத்தி உரித்தால் தோலும் இறைச்சியும் ஒருங்கே அழுக்காகும்.

கத்தியின் முனை வளைந்திருத்தல் வேண்டும். கூரிய முனை தோலைக் குத்திவிடும். கழுத்திலிருந்து நெஞ்சு, வயிறு வழியாக வாலடி வரை ஒரே நேர்கோடாகக் கீறுங்கள். பின்னர் முன்கால்களின் உட்புறமாக முழங்காலிலிருந்து நெஞ்சுக் கோட்டுக்கும், பின்கால்களின் உட்புறமாக வாலடிக்கும் கீறுங்கள். கோடு கோணினால், உலர்ந்த தோலும் கோணிப் பயன்படும் பரப்பு குறையும்.

இதன்பின் கத்தியை வைத்துவிடுங்கள். கையை முட்டியாகப் பிடித்து, தோலுக்கும் தசைக்கும் இடையே அழுத்தித் தள்ளினால், சூடான ஆட்டின் தோல் எளிதிற் கழன்றுவரும். கத்தி இட்ட துளை வெளிப்படையாகத் தெரியும். துளையாகாமல் உட்புறம் பாதி ஆழத்துக்கு விழுந்த வெட்டோ உரிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் பதனிட்ட பின் அந்த இடம் கிழியும். தோல் வாங்குபவர் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பது இதற்காகவே.

உரித்த சூட்டோடு தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தலாகாது. நல்ல நீரினால் இரத்தத்தையும் சாணத்தையும் விரைவாகக் கழுவி, ஒரு கொடியில் அரை மணித்தியாலம் நீர் வடியவிடுங்கள். பின்னர் உருண்டையான மரக்குற்றியின் மேல் விரித்து, மழுங்கிய கத்தியினால் எஞ்சிய தசையையும் கொழுப்பையும் வழித்துவிடுங்கள். கொழுப்பு இருக்குமிடத்தில் உப்பும் ஏறாது, ஈரமும் வெளியேறாது.

கோடையில் உலர்த்தல்

பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு நீராகும். அழுகச் செய்யும் கிருமிகள் இந்நீரிலேயே பெருகும். அவற்றை முந்திக்கொண்டு நீரை வெளியேற்றுவதே உலர்த்தலின் நோக்கம்.

அவ்வாறாயின் வெயில் சிறந்ததன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அன்று. கடும் வெயிலில் தோலின் மேற்புறம் விரைவாகக் காய்ந்து இறுகி மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தோல் நடுவே அழுகும். அன்றியும், ஈரத் தோல் மிகச் சூடேறினால் பசையாகக் கரையத் தொடங்கும். இத்தகைய தோல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பதனிடுவோர் நீரில் ஊறவைக்கும் பொழுது ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஒருமுறை இவ்வாறு ஏமாந்த வியாபாரி அடுத்த முறை உங்கள் ஊர்த் தோல் முழுவதற்கும் விலையைக் குறைப்பார்.

தோலின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே சிறு கீறல்கள் இட்டு, சணற் கயிறு கோத்துச் சட்டத்திற் கட்டுங்கள். முதலிற் கழுத்தையும் வாலடியையும், பின் எதிர் எதிர்ப் பக்கங்களையும் கட்டுதல் முறை. தோல் சுருக்கமின்றி நிற்க வேண்டும். ஆனால் முறுக்கி இழுக்கக் கூடாது. உலரும் பொழுது அது தானாகவே இறுகும். ஆகவே அவிழ்க்கத்தக்க முடிச்சையே போட்டு, முதல் நாள் மாலையிற் பார்த்து, மிக இறுகியிருந்தாற் சற்றுத் தளர்த்திவிடுங்கள்.

நல்ல காற்றுள்ள காலத்தில் ஆட்டுத் தோல் சில நாட்களில் உலர்ந்துவிடும். நன்கு உலர்ந்த தோலை விரலினாற் சுண்டினால் கணீரென்னும். எங்கும் ஒரே விறைப்பாக இருக்கும். கழுத்துப் புறம் தடித்ததாகையால் அங்கு ஈரம் பிந்திக் காயும்; அதனைத் தனியே சோதியுங்கள். மயிரை மெல்ல இழுக்கும் பொழுது கொத்தாகக் கழன்றுவந்தால், அழுகல் தொடங்கிவிட்டது என்று அறிக.

மாரியில் உப்பிடல்

தீபாவளி வரும் காலத்தில் வட கிழக்கில் மழை தொடங்கிவிடும். ஈரக் காற்றில் தோல் உலராது, உலருமுன் அழுகும். ஆகையால் மாரியில் ஆடு வெட்டுமுன்னரே உப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோலின் எடையிற் பாதியளவு உப்பு வேண்டும். 2 கிலோ எடையுள்ள தோலுக்கு 1 கிலோ. மாவாக அரைத்த உப்பும் பெருங் கட்டி உப்பும் ஏற்றவையல்ல. குறுணல் உப்பே சிறந்தது.

உரித்துச் சில மணித்தியாலங்களுக்குள் உப்பிட்டுவிட வேண்டும். சரிவான பலகையில், மயிர்ப்புறம் கீழாக விரித்து, உட்புறம் எங்கும் உப்பைத் தேய்க்கவும். கழுத்து, கால், விளிம்பு ஆகியவற்றில் மடிப்புகளை விரித்து மேலும் தேய்க்கவும். அடுத்த தோலையும் அவ்வாறே அதன்மேல் விரித்து அடுக்கலாம். ஒரு வாரம் சென்றபின் உப்பை உதறி, உட்புறம் உள்ளாக மடித்துக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். ஒருமுறை பயன்படுத்திய உப்பை மீண்டும் தோலுக்கு இடலாகாது. உப்பிலே வாழும் கிருமிகள் அதிற் பெருகி, தோலிற் செந்நிறப் படையை உண்டாக்கும்.

கழிவும் பயிரும்

இரத்தம் கலந்த கழுவு நீரை வாய்க்காலின் முடிவில் ஒரு பீப்பாவில் ஏந்தி, வைக்கோலும் குப்பையும் இட்ட கூட்டெருக் குவியலில் ஊற்றி மண்ணால் மூடுங்கள். வழித்தெடுத்த தசையையும் அதனுள்ளே புதைக்கலாம். பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறிய வேண்டாம். அதனாற் பரவும் நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும்.

உப்பு நீரை மாத்திரம் எருக்குவியலிலும் நிலத்திலும் விடவே கூடாது. போஞ்சியும் வெங்காயமும் உப்பைத் தாங்கா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற்பாறையில் ஊற்றிய நீர் விரைவில் நிலத்தடி நீரிற் கலந்து, உங்கள் கிணற்றையும் அயலவர் கிணற்றையும் கெடுக்கும். பலகையின் கீழ் அகன்ற தட்டொன்றை வைத்து உப்பு நீரை ஏந்தி, வெயிலில் வற்றவிட்டு, எஞ்சிய உப்பைச் சாக்கிலிட்டு உள்ளூராட்சி மன்றக் கழிவுடன் அகற்றுங்கள். அதனை மாட்டுக்கும் மனிதருக்கும் உணவாக்க வேண்டாம்.

சேமித்தல்

உலர்ந்த தோலை மடிக்காது, தரையிலிருந்து 1 அடி உயர்ந்த பலகையில் விரித்து அடுக்குங்கள். மடித்தால் மடிப்பு வெடிக்கும். தோல் வண்டின் புழுக்கள் உலர்ந்த தோலைத் துளைத்துத் தின்னும். வாரம் ஒருமுறை தோல்களை வெளியே எடுத்துப் பிரம்பினால் மெதுவாகத் தட்டி, அடுக்கை மாற்றி அடுக்குங்கள். முற்காலத்திற் பாசாணமும் டீ. டீ. ரீ.யும் இதற்கு உபயோகிக்கப்பட்டன. இன்று அவை ஆகா. தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிகொல்லியையும் தோலுக்குத் தெளிக்க வேண்டாம். தோலை நெடுநாள் வைத்திராது, பலர் தோலையும் சேர்த்து விரைவில் விற்பதே சிறந்த பாதுகாப்பு.

நினைவிற் கொள்க

உரித்தலில் முட்டி, உலர்த்தலில் நிழல், மாரியில் உப்பு, எக்காலத்திலும் துப்புரவு. கிடுகும் தடியும் நம் வளவிலேயே கிடைப்பன, காற்றுக்கு விலையில்லை. இவற்றைக் கொண்டு, இன்று குழியிற் போகும் பொருளை நாளை கையிற் பணமாக்கலாம். கொட்டில் அமைப்பதுபற்றி ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், ஆட்டின் நோய்பற்றி ஐயமிருப்பின் மிருக வைத்தியரையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.