முன்கண்ணாடியும் அதன் இறப்பர்ப் பட்டியும்

பழைய விளையாட்டுக் கார் ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலிற் கருதுவன இயந்திரமும் வர்ணப் பூச்சுமேயாம். ஆயின், அவ்வண்டியின் ஆயுளைக் காப்பனவற்றுள் முன்கண்ணாடியைச் சூழ்ந்துள்ள இறப்பர்ப் பட்டியும் ஒன்றென்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1965 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜீ.பீ. ஜீ.ரீ. வண்டியை உதாரணமாகக் கொள்வோம். இதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உருக்குத் தகட்டாலாய உடலே அப்பணியையும் ஆற்றுகின்றது. வெயிலாலும் ஓசோன் வாயுவாலும் பழைய இறப்பர் இறுகி வெடிக்கும். வெடிப்பின் வழியே புகும் மழைநீர் கண்ணாடிச் சட்டகத்தின் விளிம்பிலே தங்கி, வெளியே தெரியாமல் இரும்பை அரிக்கும். அதனாற் கெடுவது அழகு மாத்திரமன்று. உடலின் வலிமையுங் குன்றும்.

பழைய பட்டியை மீண்டும் பயன்படுத்தலாகாது. அதன் உதட்டைக் கத்தியால் அறுத்துக் கண்ணாடியை எடுத்தபின், விளிம்பிலுள்ள துருவையும் பழைய பசையையும் அறச் சுரண்டுதல் வேண்டும். அரிக்கப்பட்ட இடத்திற் புதுத் தகடு ஒட்டித் துருத்தடை வர்ணம் பூசி, நன்கு உலரவிடுக. துருவின்மேற் புதுப் பட்டியைப் பொருத்துதல், ஆறாத புண்ணை மூடிக் கட்டுவதை ஒக்கும்.

பட்டியிலே கண்ணாடிக்கு ஒரு பள்ளமும் உடலின் விளிம்புக்கு ஒரு பள்ளமும் உண்டு. முதலிற் பட்டியைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுக. பின்னர், ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் பருமனுள்ள உறுதியான கயிற்றை மற்றைப் பள்ளத்திற் சுற்றிவைத்து, அதன் இரு நுனிகளும் கீழ்ப்பக்க நடுவிலே ஒன்றையொன்று கடந்து வண்டியினுள்ளே தொங்குமாறு செய்க. விளிம்பிற் சவர்க்கார நீரைத் தடவுக. கனிய எண்ணெயும் கிறீசும் இறப்பரைக் கெடுக்கக் கூடுமாதலின் அவை தகா.

இனி, இருவர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வெளிவருந்தோறும் இறப்பரின் உதடு விளிம்பின் மேலேறி அமரும். முதலிற் கீழ்ப்பக்கம், பின்னர் இரு பக்கங்கள், இறுதியில் மேற்பக்கம் என்பதே முறை. இழுக்கும் இடத்திற்கு நேரே வெளியிலிருந்து அழுத்துதல் அவசியம். எங்கேனுந் தடைப்படின் வலிந்து இழுக்காது, உதடு மடிந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் ஓரமே அதன் நலிந்த பகுதி. அங்கே விழும் ஓரடி கண்ணாடி முழுவதையும் வெடிக்கச் செய்யும்.

வெளியுதட்டின் கீழ் இறுகாத பசையை இட்டபின் நீர்ச் சோதனை செய்க. குழாய் நீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டு செல்லுதல் வேண்டும். மேலே முதலில் ஊற்றினால், எங்கு புகுந்த நீரும் வழிந்து கீழேயே காணப்படும். கசிவின் பிறப்பிடத்தை அறிதல் அரிதாகும்.

இவ்வேலைக்குப் பெருஞ் செலவில்லை, வேண்டுவது பொறுமையே. மறைந்திருக்கும் விளிம்பைத் திருத்தமாக முடிப்பவனே வண்டியைக் காப்பவனாவான்.