சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

கேள்வி: என் மகள் குப்பர்டினோவில் டி ஆன்சா சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா? உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
– ஒரு தாய், சான் ஹோசே

பதில்: தாராளமாக முடியும், அம்மா. உறவினர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பட்டம் தரப்போவது பல்கலைக்கழகம்தான்.

கவலைப்பட வேண்டியது பாடத்தேர்வைப் பற்றித்தான். மாறுவதற்கு 90 காலாண்டு யூனிட்கள் வேண்டும். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது; அவள் படிக்க விரும்பும் துறை கேட்கும் கணிதமும் அறிவியலும் அதற்குள் இருக்க வேண்டும். எந்த வளாகம் எந்தப் பாடத்தை ஏற்கும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளம் துறைவாரியாகக் காட்டுகிறது. முதல் பருவத்திலேயே அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ட பாடத்தையும் எடுத்துவிட்டு மூன்றாம், நான்காம் ஆண்டுவரை அங்கேயே தங்கிவிடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள், தகுதி மதிப்பெண் இருந்தால் இடத்தை முன்கூட்டியே உறுதி செய்கின்றன. அதற்கான ‘டேக்’ விண்ணப்பத்தை ஒரே ஒரு வளாகத்துக்கு, செப்டம்பரில் அனுப்ப வேண்டும். சில துறைகளுக்கு இந்த உறுதி கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் பொது விண்ணப்பத்தில் அவற்றையும் சேர்க்கலாம், கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். கல்லூரி ஆலோசகரை இந்தப் பருவத்திலேயே அவள் சந்திக்கட்டும்.