ஸஹரும் இஃப்தாரும்: மாவுச்சத்தைத் தேர்ந்து உண்ணும் முறை

ரமலான் பிறை தென்பட்டதும் நம் இல்லங்களில் முதலில் மாறுவது அடுக்களைதான். பகலெல்லாம் அடுப்பு ஓய்ந்திருக்கும். அஸருக்குப் பின் எண்ணெய்ச் சட்டி ஏறினால் மஃரிப் பாங்கு வரை இறங்காது. மாதம் முடிந்து பெருநாள் சட்டையை அணியும்போது பித்தான் பூட்ட மறுக்கிறது. பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பசித்திருந்தவருக்கு எடை கூடுவது எப்படி? இந்த வினாவுக்கு விடை தேடினால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. நாம் எந்த மாவுச்சத்தை, எந்த நேரத்தில், எவ்வளவு உண்கிறோம் என்பதே அது.

உண்ணவும் பருகவும் அனுமதி தந்த அதே வசனத்தில் அல்லாஹு தஆலா விரயத்தையும் தடுத்திருக்கிறான் (7:31). விரயம் என்றால் குப்பையில் கொட்டுவது மட்டுமே என்று நம்மில் பலர் கருதுகிறோம். தேவைக்கு மேல் வயிற்றில் கொட்டுவதும் அதில் சேரும் என்பதை உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

சலித்த வெண்மாவு ரொட்டியை நபி (ஸல்) அவர்கள் உண்டதுண்டா என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தூதராக அனுப்பப்பட்டது முதல் வஃபாத்தாகும் வரை நபியவர்கள் அதைக் கண்டதில்லை என்றும், அக்காலத்தில் தங்களிடம் சல்லடையே இருந்ததில்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து ஊதி உமியைப் போக்கிவிட்டு எஞ்சியதைப் பிசைந்து உண்டோம் என்றும் அவர்கள் தெரிவித்த செய்தி புகாரியில் உள்ளது. இதைக் கொண்டு மைதா ஹராம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது ஆகுமானதுதான். ஆனால் தவிடு நீங்காத தானியம் உடலுக்கு என்ன செய்கிறது, தவிடு நீங்கியது என்ன செய்கிறது என்பதை இன்றைய ஆராய்ச்சி தெளிவாகவே காட்டுகிறது.

அரிசி, கோதுமை, கம்பு, கிழங்கு, பழம், சீனி, தேன் எல்லாமே மாவுச்சத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எதை உண்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து முடிவில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. நார்ச்சத்தும் தவிடும் உள்ள உணவு மெல்லக் கரைந்து சிறிது சிறிதாகச் சர்க்கரையை விடுகிறது. வெண்மாவும் சீனியும் ஒரேயடியாக விட்டுவிடுகின்றன. உடனே இன்சுலின் பெருகி அந்தச் சர்க்கரையை இறக்குகிறது. சிலருக்கு விரைவிலேயே மறுபடியும் பசிக்கிறது. இந்த வேகத்தை அளக்கும் கணக்கை 1981-ல் கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்தனர். அதையே இன்று சர்க்கரை ஏற்றக் குறியீடு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

உண்ட சர்க்கரையில் ஒரு பங்கை உடல் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. கல்லீரலின் சேமிப்பு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம்தான். நோன்பாளியின் பகல் பொழுதில் இரத்தத்துக்குச் சர்க்கரை தந்து மூளையைக் காப்பது இதுவே. அஸர் நேரத்தில் இது கரைந்துகொண்டே வரும். அப்போது உடல் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தொடங்குகிறது. எடை குறைக்க விரும்புபவருக்கு நோன்பு தரும் நன்மை இந்த மணி நேரங்களில்தான் இருக்கிறது. அதை மஃரிபுக்குப் பின் அரை மணி நேரத்தில் நாமே அழித்துக்கொள்கிறோம்!

இனி ஸஹருக்கு வருவோம். ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என்பதும், அதைத் தாமதப்படுத்துவது சுன்னத் என்பதும் நாம் அறிந்ததே. நபியவர்களின் ஸஹருக்கும் தொழுகைக்கும் இடையே சுமார் ஐம்பது ஆயத்துகள் ஓதும் நேரமே இருந்ததாக ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். நம்மில் சிலர் நள்ளிரவில் பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு, அதையே ஸஹராகக் கருதிப் படுத்துவிடுகிறார்கள். சுன்னத்தும் போயிற்று, பகலுக்கான பலமும் போயிற்று. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. அதில் ஊறிய எண்ணெயோ கலோரியைக் கூட்டுகிறது. உப்பு மிகுந்த சால்னா தாகத்தையும் கூட்டும்.

ஸஹருக்கு உகந்தது எது? கோதுமையைச் சலிக்காமல் அரைத்த மாவில் சுட்ட சப்பாத்தி, உடைத்த கோதுமைக் கஞ்சி, பார்லி, கைக்குத்தல் அரிசிச் சோறு ஆகியவை நல்லவை. இவற்றோடு முட்டை, பருப்பு, தயிர், கறித்துண்டு என ஏதேனும் ஒரு புரதம் சேர வேண்டும். பார்லியை நம் தாய்மார்கள் நீர்க்கடுப்புக்கும் கர்ப்பிணிகளின் கால் வீக்கத்துக்கும் மட்டுமே அலமாரியிலிருந்து எடுக்கிறார்கள். பார்லியில் உள்ள ஒருவகை நார்ச்சத்து குடலில் கூழ்போலக் கெட்டியாகிச் சர்க்கரை கலக்கும் வேகத்தைத் தடுக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிகளுக்கும் துயருற்றோருக்கும் பரிந்துரைத்த தல்பீனா என்பது பார்லி மாவில் காய்ச்சும் கஞ்சிதான். பாலில் காய்ச்சி ஒரு பேரீச்சம்பழத்தைப் பிய்த்துப் போட்டால் குழந்தைகளும் குடிப்பார்கள். சிறந்த ஸஹர் உணவாகப் பேரீச்சம்பழமே அபூதாவூதில் குறிப்பிடப்படுகிறது. எனவே ஸஹரிலும் இரண்டு பழம் இருக்கட்டும்.

சோறு இல்லாமல் ஸஹர் இறங்காது என்பவர்கள் உண்டு. அவர்களைச் சோற்றைவிட்டு விரட்டுவது நம் நோக்கமல்ல. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதை 1890-களில் ஜாவாத் தீவில் கண்டு, பெரிபெரி நோயின் காரணத்துக்கு வழிகாட்டியவர் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர். அதற்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கிறது, சத்துப் போகிறது என்பதற்கு அந்தக் கோழிகளே சாட்சி.

இப்போது சிறுதானியம் என்றால் எல்லோருக்கும் ஒரு மயக்கம். கேழ்வரகு தின்றால் எடை தானாக இறங்கும் என்று எண்ணுகிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே அளவு கேழ்வரகில் சுமார் 320. கம்பு அரிசிக்கு நிகர். ஆகவே அளவில்லாமல் உண்டால் எதுவும் எடையைக் கூட்டவே செய்யும். கேழ்வரகின் சிறப்பு அதன் நார்ச்சத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் இருக்கிறது. அதிலும் நைஸாக அரைத்துக் காய்ச்சிய கூழ் விரைவில் செரித்துவிடும். ஒன்றிரண்டாக உடைத்ததும் களியும் சற்று நின்று செரிக்கும்.

நோன்பு திறக்கும் வேளைதான் பெரிய சோதனை. கனிந்த பேரீச்சம்பழம், அது இல்லையேல் உலர்ந்தது, அதுவும் இல்லையேல் சில மிடறு தண்ணீர் என்பது அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிவழி. மூன்று சிறிய பேரீச்சம்பழங்களில் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் நார்ச்சத்தும் உள்ளன. வற்றிக்கிடக்கும் உடலை எழுப்ப அது போதும். நாமோ அதோடு ரோஸ்மில்க், நன்னாரி சர்பத் என்று ஊற்றுகிறோம். ஒரு டம்ளருக்கு நான்கு கரண்டி சீனி என்றால் 20 கிராம். இரண்டு டம்ளர் குடித்தால் 40 கிராம். ஒரு நாளைக்கே 25 கிராமுக்கு மேல் சீனி வேண்டாம் என்பது உணவியல் அறிஞர்களின் அறிவுரை. பதநீரோ இளநீரோ கிடைக்குமே, மோரும் எலுமிச்சைச் சாறும் இருக்கின்றனவே என்றால், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பதில் வருகிறது. பிள்ளைகளுக்கு அதைப் பழக்கியது யார்? (பதநீரும் இனிப்புதான். சர்க்கரை நோயுள்ளவர் அதையும் தவிர்க்கவும்.)

நம் நோன்புக் கஞ்சியைக் குறை சொல்ல மாட்டோம். குருணை அரிசி குழைந்து வெந்தால் விரைவில் செரிக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் பாசிப்பருப்பு இருக்கிறது, வெந்தயம் இருக்கிறது, பூண்டு இருக்கிறது, கொஞ்சம் கொத்துக்கறியும் இருக்கிறது. இவை அரிசியின் வேகத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. நீரும் உப்பும் ஒருசேரக் கிடைக்கின்றன. எடை குறைக்க விரும்பும் இல்லத்தில் அரிசியைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் போதும். தேங்காய்ப்பாலில் கை அடங்கட்டும். ஒரு கோப்பை கஞ்சி குடித்து மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் பசியின் வெறி தணிந்திருக்கும். கெடுப்பது கஞ்சியன்று, கஞ்சிக்குத் துணையாக வரும் வடையும் சமோசாவும் பஜ்ஜியும்தான். அவற்றை வெள்ளிக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்தால் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கும் அஸருக்குப் பின் குர்ஆன் ஓத நேரம் கிடைக்கும்.

கணக்கையும் பாருங்கள். தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 300 கலோரி உண்டால் 30 நாளில் 9,000. உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி போதும். மேலே சொன்ன சர்பத் இரண்டு டம்ளரின் சீனி மட்டுமே 160 கலோரி.

தராவீஹுக்குப் பின் சஹனில் கூடி உண்ணும் ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே தட்டில் உண்பது பிரியத்தை வளர்க்கும், பரக்கத்தும் உண்டு. ஆனால் எவ்வளவு உண்டோம் என்பது தெரியாது. முதலில் காய்கறியையும் கறியையும் மீனையும் எடுத்துக்கொண்டு, சோற்றைக் கடைசியில் உண்பவருக்கு இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. சோறும் தானாகக் குறையும். இருபது ரக்அத் நின்று தொழுவதும் உண்டதைச் செலவிட உதவும். பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகாமல் நடந்து போனால் இன்னும் நல்லது.

உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞர்கள் சிலர் சோற்றையும் ரொட்டியையும் அறவே நிறுத்திவிட்டு, ஒரு வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததாக மகிழ்கிறார்கள். சேமிப்பிலுள்ள மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அரைக் கிலோ சேமிப்பு கரைந்தால் நீரோடு சேர்ந்து இரண்டு கிலோ போகும். அது கொழுப்பு அல்ல. மறுபடி உண்டதும் திரும்பி வரும். பளு தூக்குவதற்கும் ஓடுவதற்கும் தசை அந்தச் சேமிப்பைத்தான் நம்பியிருக்கிறது. எனவே கடும் பயிற்சியை நோன்பு திறந்து, கஞ்சியோ சப்பாத்தியோ உண்டு, ஓரிரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். பகலில் மெதுவான நடை போதும். நோன்பு வைத்தால் பலம் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் ஹக்கீம் ஒலாஜுவானை நினைத்துக்கொள்ளட்டும். அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் 1995 பிப்ரவரியில் நோன்போடு ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றவர் அவர்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியே சொல்ல வேண்டும். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உள்ளதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நம் வீடுகள் அதற்கு விலக்கல்ல. இவர்கள் ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடும் கர்ப்பிணிகளும், சமீபத்தில் சர்க்கரை மிகக் குறைந்து மயங்கியவர்களும், சிறுநீரகம் பழுதுற்றவர்களும் நோன்பைத் தவிர்ப்பதே நல்லது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். நோயாளிக்குச் சலுகை தந்தது அல்லாஹ் (2:184). குணமானால் களாச் செய்யலாம். குணமாக வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். அச்சலுகையை ஏற்கக் கூச்சப்படுவது பேணுதல் ஆகாது.

மருத்துவரின் அனுமதியோடு நோற்பவர்கள் பகலில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் கண்டால் உடனே விரல் நுனியில் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு துளி இரத்தத்தால் நோன்பு முறிவதில்லை. அளவு 70-க்குக் கீழே இருந்தால், மஃரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும், நோன்பை முறித்துவிட வேண்டும். அந்த வேளையில் சப்பாத்தியும் பார்லியும் உதவா. இதுவரை நாம் தவிர்க்கச் சொன்ன சீனிதான் அப்போது மருந்து. மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவும். இன்னும் ஏறாவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு கஞ்சியோ ரொட்டியோ உண்ணலாம். வீட்டிலுள்ள பெரியவர் தனியே இருக்கும்போது கைக்கு எட்டும் இடத்தில் சீனி டப்பாவும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு வெளியே செல்லுங்கள்.